ஊதம்மாவுக்கு, ஒரே மூச்சில்

மூச்சளக்கும் அறையின் மூத்தவரே, முப்பத்து நான்கு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் முன்வரிசையில் நின்றவரே, இருமி வந்தவரையும் இளைத்து வந்தவரையும் இருக்கையில் இருத்தி இன்சொல்லால் இளைப்பாற்றியவரே, ஊதத் தெரியாதவரை உட்காரவைத்து ஊதக் கற்றுக்கொடுத்தவரே, ஊத மாட்டேன் என்றவரை உருட்டி மிரட்டி ஊதவைத்தவரே, அளக்கும் கருவி அசந்தாலும் அடிவயிறு பொய் சொல்லாது என்று எங்களுக்கு அறிவித்த அறிவே, அன்பே, அதட்டலே, வந்துபோன ஆயிரமாயிரம் பேர் 'ஊதம்மா' என்று அழைக்க, நாங்கள் 'அக்கா' என்று அழைக்கும் எங்கள் நுரையீரல் பரிசோதனைப் பிரிவின் தலைமை டெக்னீஷியனே, வணக்கம்!

இதை ஒரே மூச்சில் வாசிக்க என்னால் முடிந்திருக்காது. ஒத்திகையில் 'உருட்டி மிரட்டி' வந்ததும் காற்றுப் போய்விட்டது. இன்றும் அங்கேதான் போயிருக்கும்.

இந்தக் கட்டடத்தில் ஓய்வு பெறுகிற ஒவ்வொருவருக்கும் மடல் எழுதுவது பதிவு எழுத்தனாகிய என் வேலை. வாசிப்பது உங்கள் வேலை. விளித்து வணங்கும் முதல் வாக்கியம் எத்தனை நீளமானாலும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம். மூச்சை அளந்து பிழைக்கிறவர்கள் முதல் வரியிலேயே மூச்சு வாங்கினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்பீர்கள். நானும் விடாக்கண்டன், வேண்டுமென்றே நீட்டி எழுதுவேன். "எழுத்தரே, என்னைக் கொல்றதுக்குன்னே எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி ஒரு இழுப்பு இழுத்து, கடைசி 'வணக்கம்' வரைக்கும் குரல் தளராமல் போய்ச் சேருவீர்கள். பத்தொன்பது மடல்கள். பத்தொன்பதிலும் தோற்றது நான்தான்.

இருபதாவது மடல் நான்கு மாதம் முன்பு, வாயில் காவலர் ஓய்வு பெற்ற அன்று. தாளை வாங்கினீர்கள். முதல் வாக்கியத்தின் நீளத்தைக் கண்ணால் ஒரு தடவை அளந்தீர்கள். என்னிடமே திருப்பிக் கொடுத்தீர்கள். "கண்ணாடிய மறந்துட்டேன். நீங்களே வாசிச்சிடுங்க." கண்ணாடி உங்கள் கழுத்தில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அறையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தோம். இந்த மடலை நான் அன்றைக்கே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

நேற்றுப் பெரிய அரங்கில் வாசித்தது நிர்வாகத்தின் மடல். அழகான மடல்தான், உங்களைத் தூக்கிவிட்டு யாரை உட்காரவைத்தாலும் பொருந்தும். சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், கேக் வெட்டினார்கள், கை தட்டினார்கள். இது வேறு. இது நம் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்தே பேருக்கு: நெஞ்சு டாக்டர், இளைய டெக்னீஷியன், அட்டெண்டர் அண்ணன், நான், நீங்கள். மடலின் முடிவில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறோம். சுற்றி வளைக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறோம். அதோ அந்தப் படுக்கையில் நீங்கள் படுக்க வேண்டும். படுத்து ஊத வேண்டும். கேட்டதும் எழுந்து போகப் பார்ப்பீர்கள் என்பதால் அட்டெண்டர் அண்ணன் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரை நகர்த்துவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே முழுதும் கேளுங்கள்.

மூச்சின் முறை சொன்னவரே!

சலைன் பாட்டிலின் அடியை அறுத்து, வாயில் ஒரு பலூனை மாட்டி உள்ளே தொங்கவிட்டு, அறுத்த அடியை ரப்பர் கையுறையால் இழுத்துக் கட்டிய பொம்மை ஒன்று உங்கள் மேசையில் நிற்கிறது. கையுறை கிழிந்து கிழிந்து எத்தனையோ தடவை மாற்றியாயிற்று. பாட்டில் அதே பாட்டில்தான். பயந்துபோய் வந்து உட்காருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் நீட்டுவீர்கள். கையுறையைப் பிடித்துக் கீழே இழுத்தால் உள்ளே இருக்கும் பலூன் உப்பும்.

"பாத்தீங்களா? பலூனை யாரும் ஊதல, தானா உப்புது. நுரையீரல் சுத்த சோம்பேறிய்யா, அதுக்குத் தானா அசையவே தெரியாது. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல குடை மாதிரி ஒரு தசை விரிஞ்சிருக்கு. உதரவிதானம்னு பேரு. அது கீழ இறங்கும், விலா எலும்பு மேல தூக்கும், உள்ள இடம் பெரிசாகும். இடம் இருந்தா காத்து வந்துடும். நாம காத்தை இழுக்கறோம்னு நினைச்சுக்கறோம். இடம் பண்ணிக் குடுக்கறோம், அவ்வளவுதான்."

இழுப்பதுதான் உழைப்பு, விடுவதற்கு உழைப்பே வேண்டாம், இழுத்த ரப்பர் தானே திரும்பும் என்பீர்கள். ஒரு நாளைக்கு இருபதாயிரம் தடவை அந்தக் குடை இறங்கி ஏறுகிறது, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து என்பீர்கள். "அதுக்கும் ஒரு நாள் ரிட்டயர்மெண்ட் குடுத்தா என்னாகும்?" என்று ஒருவர் கேட்டபோது, "நமக்கும் சேத்து ஆர்டர் வந்துடும்" என்றீர்கள். அவர் சிரித்துச் சிரித்து இருமினார். இருமலையும் குறித்துக்கொண்டீர்கள்.

பிறகு மூக்கில் கிளிப், வாயில் அட்டைக்குழாய். அப்புறம் இந்தக் கட்டடத்துக்கே தெரிந்த உங்கள் குரல். "இழுங்க, இழுங்க, நல்லா இழுங்க... ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு!" ஊதுகிறவருக்கு ஆறு நொடி. அந்த ஆறு நொடியும் நீங்களும் அவரோடு ஒரே மூச்சில் கத்துவீர்கள். பக்கத்து எக்ஸ்ரே அறை வாசலில் காத்திருக்கிறவர்கள் தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று எண்ணி ஊதிக்கொண்டிருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஊதி முடித்துத் துவண்டவரிடம் மெதுவாகச் சொல்வீர்கள். "எல்லாம் போயிடுச்சுன்னு தோணும். போகாது. எவ்வளவு ஊதினாலும் ஒரு லிட்டருக்குக் குறையாம உள்ளயே நிக்கும். மனுஷன் முழுசா காலியாகறதே இல்ல."

பிழையைப் புதைக்காதவரே!

பாராட்டு மடலில் பிழையை எழுதுகிற வழக்கம் இல்லை. ஆனால் இதை விட்டுவிட்டு உங்களைப் பாராட்டினால் அது உப்பில்லாப் பண்டம். தவிர, அந்தப் பிழையில் என் பங்கும் இருக்கிறது.

ஊதும் பரிசோதனையில் பாதி மெஷின், பாதி மனசு. மனசு வைத்து ஊதினால் மெஷின் வரைகிற கோடு செங்குத்தாக ஏறிச் சரியும். ஒப்புக்கு ஊதினால் தட்டையாகக் கிடக்கும். வேலைக்குத் திரும்ப மனமில்லாமல், மெதுவாக ஊதிவிட்டுச் சீட்டு வாங்கிப் போகப் பார்க்கிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அவர்களுக்காகவே நம்மிடம் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. 'முயற்சி போதவில்லை.' தினம் நாலு தடவையாவது குத்துவேன். அதில் மை காய்ந்ததே இல்லை.

இருபத்திரண்டு வருடம் முன்பு ஒருவர் வந்தார். கட்டடங்களுக்கு வர்ணம் அடிப்பவர், நாற்பத்து மூன்று வயது. சாரத்தில் ஏற முடியவில்லை என்று சொன்னாராம். ஒப்பந்தக்காரர் நம்பாமல் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். மூன்று தடவை ஊதினார். மூன்றும் தட்டை. எக்ஸ்ரே அறையிலிருந்து வந்த சீட்டிலும், 'படம் எடுக்கையில் மூச்சை முழுதாக இழுக்கவில்லை' என்றே எழுதியிருந்தது. நுரையீரலில் ஒரு குறையும் தெரியவில்லை.

"நான் இழுத்தேம்மா. இவ்வளவுதாம்மா வருது."

"நடிக்காதீங்கய்யா. உங்க நுரையீரல் என் நுரையீரலை விட நல்லா இருக்கு. மனசு வச்சு ஊதுங்க" என்றீர்கள்.

"படுத்தா யாரோ நெஞ்சு மேல ஏறி உக்கார்ற மாதிரி இருக்கும்மா."

"அப்போ உக்காந்தே இருங்க" என்று யாரோ சொன்னார்கள். அறை முழுக்கச் சிரித்தது. அவரும் மரியாதைக்குச் சிரித்தார்.

சொன்னது நான். முத்திரையைக் குத்தியதும் இந்தக் கைதான்.

ஏழு வாரம் கழித்து அவர் மனைவி வந்தார். கத்தவில்லை, அழவில்லை. நாலாக மடித்த அந்தச் சீட்டைப் பிரித்து உங்கள் முன் வைத்தார். "முயற்சி போதலைன்னு இதுல போட்டிருக்கு. அவரு போயிட்டாரு. நாலு மாசமா நாற்காலியிலதான் தூங்கினாரு, மேசை மேல தலகாணி வச்சு அதுல சாஞ்சுகிட்டு. அன்னிக்குக் காய்ச்சல். ஒழுங்கா படுங்கன்னு நான்தான் திட்டிப் படுக்க வச்சேன். விடிஞ்சா ஆள் இல்ல. எனக்கு ஒண்ணு மட்டும் புரியல, அதைச் சொல்லுங்க. அவரு என்ன முயற்சி பண்ணாம விட்டாரு?"

அவர் போன பிறகு பழைய எக்ஸ்ரேயைத் தேடி எடுத்துக்கொண்டு அன்றைய நெஞ்சு டாக்டரிடம் ஓடினீர்கள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குடை இரண்டு பக்கமும் மேலேயே நின்றுவிட்டிருந்தது. "இழுக்காம இல்லம்மா, இவரால இழுக்க முடியல" என்றார். உட்கார்ந்திருக்கும்போது வயிற்றின் பாரம் தானே கீழே தொங்கி நெஞ்சுக்கு இடம் விடும். படுத்தால் அதே பாரம் நெஞ்சுக்குள் ஏறி வரும். குடை ஒழுங்காக இயங்குகிறவருக்கு இது தெரியவே தெரியாது. குடை செத்தவர் கழுத்துத் தசைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூச்சையும் கயிறு கட்டித் தூக்குகிற மாதிரி தூக்க வேண்டும். அந்த வர்ணக்காரர் நம் முன்னால் நாற்காலியில் உயிரோடு உட்கார்ந்திருந்ததே முழுநேர முயற்சி. அதைப் பார்த்துத்தான் போதவில்லை என்று குத்தினோம்.

நான்காம் நாள் கிடங்கிலிருந்து கால் குட்டையான ஒரு படுக்கையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தீர்கள். குட்டைக் காலுக்கு அடியில் இரண்டு பழைய வருகைப் பதிவேடுகளை வைத்தீர்கள். என் மேசையிலிருந்த முத்திரையைக் கேட்காமல் எடுத்து உங்கள் இழுப்பறையில் போட்டுப் பூட்டினீர்கள். அன்றிலிருந்து யார் ஊதினாலும், கோடு தட்டையாக வந்தால் திட்டு கிடையாது. படுக்கைதான். சட்டையைத் தூக்கி, வயிற்றின் மேல் கண்ணை வைத்துக் குனிந்து நிற்பீர்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்ப வேண்டும். எழும்பாமல் பள்ளமாகப் போனால் உங்கள் முகம் மாறும். பிறகு படுத்தபடியே ஊதச் சொல்வீர்கள். "படுத்தா எல்லாருக்குமே கொஞ்சம் குறையும். கால் பங்குக்கு மேல குறைஞ்சா குடை பழுது" என்பது உங்கள் பாடம்.

ஒரு ஆளுக்குப் பதினைந்து நிமிடம் கூடுகிறது என்று நிர்வாகம் காகிதம் அனுப்பியது. "என் சாப்பாட்டு நேரத்துல கழிச்சுக்கச் சொல்லுங்க" என்று பதில் எழுதச் சொன்னீர்கள். நான் அதையே கொஞ்சம் மரியாதையாக எழுதினேன். இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே சாப்பிட்டீர்கள். அந்தப் படுக்கையில் நீங்கள் கண்டுபிடித்த பழுதான குடைகள் இருபத்தொன்று. தூங்கும்போது முகத்தில் மாட்டி மூச்சுக்குக் கைகொடுக்கும் மெஷினை வாங்கிக்கொண்டு போய், அவர்களில் ஒன்பது பேர் இன்றும் நம் வாசலில் வந்து உட்கார்ந்து, உங்களிடம் திட்டு வாங்கிப் போகிறார்கள். பன்னிரண்டு பேர் வருவதில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறோம், ஏனென்றால் நீங்கள் மறைத்ததில்லை.

எங்களை ஏமாற்றிவிட்டதாக எண்ணியவரே!

ஊருக்கெல்லாம் மூச்சைக் கேட்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, உங்கள் மூச்சை மட்டும் நாங்கள் கேட்க மாட்டோம் என்று எப்படி நினைத்தீர்கள்?

இளைய டெக்னீஷியன் எண்ணியிருக்கிறாள். அவள் இங்கே வந்த புதிதில், ஒரே மூச்சில் நீங்கள் பதினொரு 'ஊதுங்க' சொல்வீர்கள். போன வருடக் கடைசியில் ஒன்பது. காவலரின் விழா நடந்த மாதம் ஏழு. இப்போது ஐந்து, அப்புறம் நிறுத்தி, மெஷினைப் பார்ப்பதுபோல் திரும்பி ஒரு மூச்சு வாங்கிக்கொள்கிறீர்கள். "நீங்களும் சேந்து சொல்லுங்க அண்ணே, ஊதறவங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்று அட்டெண்டர் அண்ணனைக் கூட்டுச் சேர்த்தீர்கள். பாவம், அவர் தனக்குப் பதவி உயர்வு வந்துவிட்டதாக வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்.

விசிறி ஓடாவிட்டால் சத்தம் போடுகிற நீங்கள், விசிறி ஓடுகிற அறையில் கழுத்தைச் சுற்றிச் சால்வை போட்டிருக்கிறீர்கள். கழுத்துத் தசைகள் புடைப்பதை மறைக்க என்பது இந்த அறையில் வேலை பார்க்கிற யாருக்குத் தெரியாது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. முன்பெல்லாம் மதியம் முதுகு வலிக்கிறது என்று பத்து நிமிடம் அந்தப் படுக்கையில் கட்டையைச் சாய்ப்பீர்கள். நான்கு மாதமாக அதன் பக்கம் போவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மேசையில் தலை வைத்துத் தூங்குகிறீர்கள். போன மாதம் வீட்டிலிருந்து ஒரு தலையணை கொண்டுவந்தீர்கள்.

மேசை மேல் தலையணை. அக்கா, மேசை மேல் தலையணை.

இளையவள் மூன்று தடவை கேட்டாள். முதல் தடவை, "படி ஏறினா வாங்கத்தான் செய்யும், வயசாகுது இல்ல" என்றீர்கள். இரண்டாம் தடவை, "வேண்டாம்டி. நம்பர்னு ஒண்ணு வந்துட்டா அப்புறம் அதோடதான் குடித்தனம் பண்ணணும். இப்போ நம்பர் இல்லாம நிம்மதியா இருக்கேன்" என்றீர்கள். மூன்றாம் தடவை அவள் கையைப் பிடித்துக் கெஞ்சியபோது சொன்னீர்களாம்: "அந்த வர்ணக்காரரை நான் படுக்க வச்சுப் பாக்கல. என்னை மட்டும் எதுக்குப் பாக்கணும்?" அவள் கிடங்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுதுவிட்டு என்னிடம் வந்து, "மடல்ல எழுதுங்க அண்ணே. நேர்ல சொன்னா கேக்க மாட்டாங்க. வாசிச்சா பாதியில எந்திரிக்க மாட்டாங்க, மரியாதை தெரிஞ்சவங்க" என்றாள்.

உங்கள் மேல் எங்களுக்குக் கோபம். மடலில் இதையும் எழுதக் கூடாதுதான், எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடம் ஒவ்வொரு வயிற்றின் மேலும் குனிந்து நின்று நீங்கள் செய்ததெல்லாம் அந்த மனிதருக்கான பரிகாரம் என்று எங்களுக்குத் தெரியும். அது போதாது, உங்கள் மூச்சையும் சேர்த்துக் கொடுத்தால்தான் தீரும் என்று நீங்களாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டீர்கள். அப்படியானால் முத்திரை குத்திய எனக்கு என்ன தீர்ப்பு? சிரித்தவர்களுக்கு என்ன? யாரைக் கேட்டு எழுதினீர்கள்?

நான் கேட்டுவிட்டு வந்தேன். பழைய பதிவேட்டில் முகவரி இருந்தது. மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி, மாடிப்படிக்கு அடியில் ஒரு தையல் கடை. வர்ணக்காரரின் மனைவிக்கு இப்போது தலை முழுக்க நரை. நான் யார் என்று சொன்னேன். 'உக்காந்தே இருங்க' என்று சொன்ன வாய் இதுதான் என்பதையும் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். உங்களைப் பற்றிச் சொன்னேன்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லணுமா? அது எனக்கு வராது. எழுதிக் குடுத்தாலும் வராது" என்றார். தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கையின் ஓரத்தை முடித்து நூலை அறுத்தார். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார். "ஆனா நானும்தான் திட்டினேன். எந்நேரமும் உக்காந்து தூங்கற சோம்பேறின்னு. என் கண்ணு முன்னாலதான் அந்தத் தலகாணி இருந்துச்சு. எனக்குத் தெரியல, அவங்களுக்கும் தெரியல. இப்போ உங்களுக்குத் தெரியும் இல்ல? தெரிஞ்சும் சும்மா இருந்தீங்கன்னா, அந்தச் சீட்டை இன்னும் பத்திரமா வச்சிருக்கேன், தூக்கிட்டு மறுபடி வருவேன். இந்தத் தடவை உங்ககிட்ட கேப்பேன், என்ன முயற்சி பண்ணீங்கன்னு."

கிளம்பும்போது கூப்பிட்டார். "அந்தம்மா மூச்சு நின்னா என் வீட்டுக்காரர் எழுந்து வந்துடுவாரா? படுக்கச் சொல்லுங்க."

இதுதான் அவர் அனுப்பிய சேதி. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஆகவே, எங்கள் அக்காவே!

இந்த இடத்தில் 'நூறாண்டு நோயின்றி வாழ்க' என்று எழுத வேண்டும். இருபது மடல்களில் எழுதியிருக்கிறேன். இன்று பேனா போகவில்லை. நோயின்றி என்று எழுதினால் உங்கள் முன்னால் பொய் சொன்னதாகும், உங்களிடம் பொய் ஊதல் எடுபடாது. நம்பர் நல்லதாக வரும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. டாக்டர் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். குடை பழுது என்றால் எதனால் பழுது என்று தேட வேண்டும். சிலருக்குக் காரணம் கிடைக்கிறது, சிலருக்குக் கிடைப்பதில்லை. ஒன்பதும் உண்டு, பன்னிரண்டும் உண்டு. ஆனால் அந்த இருபத்தொரு பேரும் எண்ணைத் தெரிந்துகொண்டு, அதன்படி தூங்கி, அதன்படி எழுந்தார்கள். வர்ணக்காரருக்குத்தான் அது கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைக்காததை நீங்களும் வேண்டாம் என்று தள்ளினால், அவருக்கு நடந்தது இரண்டாம் தடவை நடக்கும். அதற்கு இந்த அறையில் யாரும் சாட்சியாக நிற்க மாட்டோம்.

எனவே நாங்கள் வாழ்த்துவது இவ்வளவுதான். இன்று படுங்கள். இன்று ஊதுங்கள். தூங்கும்போது மாட்டும் அந்த மெஷின் நாளையே வேண்டியிருந்தால் வாங்கி, அது முகத்தை அழுத்துகிறது என்று எங்களுக்குப் போன் போட்டுத் திட்டுங்கள். திட்ட வேண்டிய காற்று உங்களுக்கு இருக்கும் வரை திட்டு வாங்க நாங்கள் இருக்கிறோம்.

படுக்கைக்குப் புது விரிப்புப் போட்டாயிற்று. குட்டைக் காலுக்கு அடியில் பதிவேடுகள் சரியாக இருக்கின்றன. ஊதும் மெஷினைக் காலையில் இளையவள் இரண்டு தடவை சரிபார்த்தாள், கிளிப் புதிது, அட்டைக்குழாய் புதிது. படுத்தால் நெஞ்சில் ஏறி உட்காரும் என்று தெரியும். உங்கள் தலைமாட்டில் டாக்டர் நிற்பார், முடியவில்லை என்று கையைத் தூக்கினால் அந்த நொடியே நிமிர்த்தி உட்காரவைப்போம். கதவு பூட்டவில்லை, நீங்கள் வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னால் அட்டெண்டர் அண்ணன் முனகிக்கொண்டாவது நகர்ந்துவிடுவார். ஆனால் ஒன்று. உங்கள் இழுப்பறையைக் காலி செய்தபோது அந்த முத்திரையை எடுத்து வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அதற்கு மை தடவியிருக்கிறேன். ஊதாமல் எழுந்து போனால் இந்த மடலின் மேல் அதை ஒரே ஒரு தடவை குத்திக் கொடுத்துவிடுவேன். நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிக்கொள்ளலாம்.

மடலை மாட்ட மரச்சட்டம் வாங்கிவிட்டோம், இன்னும் கண்ணாடி போடவில்லை. எங்கள் கையொப்பங்களுக்குக் கீழே நாலு விரல் இடம் விட்டிருக்கிறோம். அந்த இடம் நிறைந்த பிறகுதான் சட்டத்துக்குள் போகும்.

இனி நாங்கள் கத்துகிறோம், அக்கா. நீங்கள் கத்த வேண்டாம். உங்கள் காற்றை மிச்சம் பிடியுங்கள். இழுங்க, இழுங்க, நல்லா இழுங்க... ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு, அக்கா, இன்னும் இருக்கு!

என்றும் உங்கள் குரலுக்குக் கட்டுப்பட்ட,
நெஞ்சு டாக்டர்
இளைய டெக்னீஷியன்
அட்டெண்டர்
பதிவு எழுத்தர்
நுரையீரல் பரிசோதனைப் பிரிவு

(நாலு விரல் இடத்தில், இளைய டெக்னீஷியனின் கையெழுத்தில்)

உட்கார்ந்து ஊதியது: இரண்டு லிட்டர்.
படுத்து ஊதியது: ஒரு லிட்டரும் கொஞ்சமும்.
மூன்று தடவையும் ஒரே அளவு.
முயற்சி: முழுமை.